தூக்கிய எஸ்.யு.வி.யின் பின்பக்கம்: கோளாறு ஸ்பிரிங்கிலா, ஷாக்கிலா?

பின்பக்கம் உட்காருகிறது என்று ஷாக்கை (ஷாக் அப்சார்பரை) மாற்றுவதுதான் தூக்கிய, அதாவது லிஃப்ட் செய்து உயரம் கூட்டிய வண்டிகளில் நடக்கும் முதல் வீண்செலவு. ஷாக் எடை தாங்காது. எடையைத் தாங்குவதும் வண்டியின் உயரத்தை வைப்பதும் காயில் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எழும்பி அடங்குவதைக் கட்டுப்படுத்துவது ஷாக். ஆக்சில் மேலே எவ்வளவு வரலாம் என்பதை முடிவு செய்வது பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் முட்டு. கீழே எவ்வளவு தொங்கலாம் என்பதைப் பெரும்பாலான வண்டிகளில் ஷாக்கின் நீளமே முடிவு செய்கிறது. இந்த நான்கில் எது தவறுகிறது என்பதை வண்டியே ஏதாவது ஓர் அறிகுறியில் காட்டிவிடும்.

இங்கே சொல்லப்படுவது பின்னால் கெட்டி ஆக்சிலும் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு) காயிலும் உள்ள வண்டிகளுக்கு: ஃபார்ச்சூனர், ஜிம்னி, 2020 முதல் வந்த தார், ஸ்கார்பியோ-என், 2016 முதல் மறைமலைநகரில் தயாரான எண்டவர். பட்டை ஸ்பிரிங் உள்ள ஹைலக்ஸ், பழைய ஜிப்சிக்கு ஷாக் நீளம் அளக்கும் பகுதி பொருந்தும், ஸ்பிரிங் பகுதி பொருந்தாது.

எதையும் கழற்றுவதற்கு முன்

டயர் காற்றைக் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள். "புது ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கு" என்ற புகார் பலவற்றுக்குக் காரணம் 40 பி.எஸ்.ஐ. வரை அடித்த காற்றுதான். பிறகு சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வீல் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் வளைவின் ஓரம் வரை நான்கு சக்கரத்திலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயர் மாறினால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். ஜாக்கி போட்டு இறக்கிய வண்டியை உடனே அளப்பதும் தவறு. பத்திருபது அடி முன்னும் பின்னும் உருட்டினால்தான் புஷ்கள் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள்) தளர்ந்து உண்மையான உயரத்துக்கு வரும்.

அடுத்தது எடை. நெடுஞ்சாலை எடை மேடையில் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தச் சொல்லுங்கள். வண்டி காலியாக ஒரு முறை, நீங்கள் வழக்கமாகப் போகிற ஆள், பை, தண்ணீர் கேன், டிக்கி சாமான் எல்லாம் வைத்து ஒரு முறை. இந்த இரண்டு எண்கள் இல்லாமல் ஸ்பிரிங் தேர்வு செய்வது குருட்டாம்போக்கு.

பின்பக்கம் தொங்குகிறது, ஆள் ஏறினால் இன்னும் உட்காருகிறது

இது ஸ்பிரிங் விஷயம். காலியாக இருக்கும்போதே உயரம் குறைவு என்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது கழற்ற முடியாத நிரந்தர எடை (இரும்பு பம்பர், பின்கதவில் கூடுதல் சக்கரம், டிக்கியில் அலமாரி) கூடிவிட்டது. காலியில் சரியாக இருந்து ஏற்றினால் மட்டும் விழுகிறது என்றால் ஸ்பிரிங்கின் விறைப்பு போதவில்லை.

கணக்கு எளிது. எடை மேடையில் காலிக்கும் ஏற்றியதற்கும் வித்தியாசம் 280 கிலோ என்று வையுங்கள். ஒரு ஸ்பிரிங்குக்கு 140 கிலோ. ஸ்பிரிங்கின் விறைப்பு ஒரு மி.மீ.க்கு 3 கிலோ என்றால் வண்டி 47 மி.மீ. இறங்கும். அதாவது 50 மி.மீ. லிஃப்ட் ஏறக்குறைய காணாமல் போகும். 4 கிலோ ஸ்பிரிங் என்றால் 35 மி.மீ. ஸ்பிரிங் ஆக்சிலின் மேலேயே உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கு நேராகப் பொருந்தும். ஆக்சிலுக்கு முன்னால், அதைச் சேஸியோடு இணைக்கும் லிங்க் கையின் மேல் உட்கார்ந்திருந்தால் ஸ்பிரிங் மேல் விழும் சுமை இன்னும் அதிகம்.

பெட்டியில் விறைப்பு பல அலகில் அச்சிட்டிருக்கும். ஒரு அங்குலத்துக்கு 200 பவுண்டு என்றால் மி.மீ.க்கு 35 நியூட்டன், அதாவது சுமார் 3.6 கிலோ. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் மற்றதை விகிதத்தில் போட்டுக்கொள்ளலாம்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஃபார்ச்சூனரின் வீல்பேஸ் 2745 மி.மீ. பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால், பின் ஆக்சில் சுமப்பது 100 அல்ல, 136 கிலோ. அந்த 36 கிலோ முன்பக்கத்திலிருந்து தூக்கிப் பின்னால் வைக்கப்படுகிறது. பம்பரோடு சேர்த்துச் சக்கரம் மாட்டியவர்கள் "அது 60 கிலோதானே" என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

வருடத்தில் நாலு முறைதான் முழு சுமை என்றால் கனமான ஸ்பிரிங் வேண்டாம். நடுத்தர ஸ்பிரிங் போட்டு, காயிலுக்குள் வைக்கிற காற்றுப் பையைச் சேர்ப்பது நல்லது. சாதாரண வகைப் பைகளுக்கு 5 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை காற்று. காலியில் 5க்குக் கீழே விட்டால் பை மடிந்து காயிலில் கடிபடும். இடது வலது பைகளுக்குத் தனித்தனி குழாய் போடுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் காற்று ஒரு பையிலிருந்து மறுபைக்கு ஓடி வண்டியை இன்னும் சாய்க்கும். காயிலுக்குள்ளேயே பம்ப் ஸ்டாப் உள்ள வண்டிக்கு அதற்கென்று வடிவமைத்த பைதான் போட வேண்டும்.

காயிலோடு சேர்த்து வைக்கிற ஸ்பேசர் வட்டு? அது உயரத்தை மட்டும் தரும், விறைப்பைத் தராது. ஏற்றினால் முன்பு இறங்கிய அதே மி.மீ. இறங்கும். 20–30 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். காரணம்: பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருக்க, காயிலுக்குக் கிடைக்கும் இடம் ஸ்பேசரின் தடிமன் அளவு குறைகிறது. முழுக்க அமுங்கும்போது காயில் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிவிடும். 9 சுற்று, 15 மி.மீ. கம்பி என்றால் ஏறக்குறைய 135 மி.மீ.க்குக் கீழே அந்தக் காயில் அமுங்காது. பம்ப் ஸ்டாப் முழுக்க நசுங்கிய நிலையில் காயில் உட்காரும் மேல் கிண்ணத்துக்கும் கீழ் கிண்ணத்துக்கும் நடுவே, ஸ்பேசர் போக, அதைவிட 10 மி.மீ.யாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

காலி வண்டி கட்டை வண்டி மாதிரி தூக்கிப் போடுகிறது

நிரந்தரமாக 200, 400 கிலோ சுமக்கும் வண்டிக்கு என்று செய்த ஸ்பிரிங்கைக் காலி வண்டிக்குப் போட்டால் இதுதான் நடக்கும். அறிகுறியை உறுதி செய்ய, டிக்கியில் 50 கிலோ சிமென்ட் மூட்டை நான்கு வைத்து அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். சுகமாகிவிட்டால் ஷாக்கில் குற்றமில்லை, ஸ்பிரிங் கனம். மூட்டை வைத்தும் சிறு சிறு கற்களிலேயே கையைத் தட்டுகிறது என்றால் ஷாக்கின் அமுங்கு பக்கம் இறுக்கம், அல்லது ஷாக் உள்ளே முட்டுகிறது. அதைக் கீழே பார்ப்போம்.

கம்பி 'ஒரு மி.மீ.தானே தடிமன்' என்று சொல்லி விற்கப்படும் ஸ்பிரிங்கில் கவனம். காயிலின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 14 மி.மீ. கம்பி 15 ஆனால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விறைப்பு 32 சதவீதம் கூடும். சுற்று குறைந்தாலும் விறைப்பு கூடும். அதனால்தான் ஸ்பிரிங்கை வெட்டுவது உயரத்தைக் குறைத்துக் கடினத்தைக் கூட்டுகிறது. வெட்டுவதும் கேஸ் வெல்டிங்கில் சுட்டு இறக்குவதும் எந்த நிலையிலும் கூடாது. சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பின்பு அங்கேதான் உடையும்.

ஊருக்குள் குடும்பத்தோடும், மாதம் ஒருமுறை மலைக்குச் சாமானோடும் போகிற வண்டிக்கு, ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக உள்ள காயில் ஏற்றது. மெல்லிய சுமையில் நெருக்கமான சுற்றுகள் வேலை செய்யும். சுமை ஏறினால் அவை மூடிக்கொண்டு மீதிச் சுற்றுகள் விறைப்பாக நிற்கும்.

வேகத்தடையைத் தாண்டியதும் பின்னால் 'டங்' என்று இரும்புச் சத்தம்

இது மேலே முட்டும் சத்தம் அல்ல. சக்கரம் மறுபக்கம் கீழே இறங்கும்போது ஷாக் முழுக்க நீண்டு உள்ளேயே அடித்துக்கொள்கிறது. வண்டியைத் தூக்கிவிட்டுப் பழைய ஷாக்கையே வைத்தால் கட்டாயம் வரும்.

எண்ணில் பாருங்கள். கம்பெனி உயரத்தில் நிற்கும்போது ஷாக்கின் நீளம், மேல் புஷ் நடுவிலிருந்து கீழ் புஷ் நடு வரை, 443 மி.மீ.; அது முழுக்க நீண்டால் 510. கீழே தொங்க 67 மி.மீ. மிச்சம். வண்டியை 50 மி.மீ. தூக்கினால், ஷாக் 20 டிகிரி சாய்ந்திருப்பதால், அதன் நீளம் 47 கூடி 490 ஆகிறது. மிச்சம் 20 மி.மீ.தான். வேகத்தடையின் பின் சரிவில் சக்கரம் இறங்க அது போதாது. ஒவ்வொரு முறையும் ஆக்சில், டயர், வீல் எல்லாவற்றின் எடையும் ஷாக்கின் பிஸ்டன் நட்டில் போய் இழுக்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் சீல் போகும், அல்லது கீழ்க் கண் (போல்ட் மாட்டும் வளையம்) வெல்டிங் விடும்.

சோதனை: பிஸ்டன் தண்டு வெளியே தெரியும் ஷாக் என்றால் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கி, உடம்பை ஒட்டித் தள்ளிவையுங்கள். கரடு ரோட்டில் ஓட்டி வந்தபின் டை தள்ளப்பட்ட இடம், ஷாக் எவ்வளவு அமுங்கியது என்பதைக் காட்டும். எவ்வளவு நீண்டது என்பதை டை காட்டாது. அதற்கு வண்டியை நிறுத்தி மேலிருந்து கீழ் கண் வரை அளந்து, முழு நீளத்திலிருந்து கழியுங்கள். மிச்சம் 50 மி.மீ.க்குக் கீழே என்றால் நீளமான ஷாக் வேண்டும்.

பள்ளத்தில் விழும்போது 'தொப்' அல்லது 'டக்'

இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. 'தொப்' என்று மந்தமாக வந்தால் ரப்பர் முட்டு தன் வேலையைச் செய்கிறது. எப்போதாவது வருவதில் தவறில்லை. அடிக்கடி வந்தால் ஸ்பிரிங் விறைப்பு போதவில்லை. 'டக்' என்று கூர்மையாக வந்தால், ரப்பர் நசுங்கி முடிவதற்கு முன்பே ஷாக் உள்ளே இரும்போடு இரும்பாக முட்டுகிறது. இது மிக நீளமான ஷாக் வாங்கியதன் விளைவு. "லாங் டிராவல்" என்ற பெயருக்காக வாங்கும் ஷாக்கில்தான் இது அதிகம்.

டார்ச் எடுத்து பம்ப் ஸ்டாப் முட்டுகிற ஆக்சில் தட்டைப் பாருங்கள். ரப்பர் அடிக்கடி தொட்டிருந்தால் அந்த இடத்தில் சேறு ஒட்டாது. ரப்பரின் வட்டம் கறுப்பாகப் பளபளத்துத் தெரியும். சுற்றிலும் புழுதி, நடுவில் அந்தச் சுத்தமான வட்டம். அதுவே இல்லாமல், சத்தம் மட்டும் வந்தால் ஷாக்தான் முதலில் முட்டுகிறது.

சரியான நீளத்தைக் கண்டுபிடிக்கும் முறை இதுதான். கவனமாகச் செய்ய வேண்டிய வேலை, அரை நாள் ஒதுக்குங்கள்.

வண்டி புதிய ஸ்பிரிங்கில் தரையில் நிற்கும்போது ஷாக்கின் நீளத்தை அளக்கவும். நம் உதாரணத்தில் 490. பம்ப் ஸ்டாப்பின் நுனிக்கும் தட்டுக்கும் இடைவெளி 110. ரப்பரின் உயரம் 70. பலமாக அடித்தால் அது பாதியாக நசுங்கும், அதாவது 35. ஆக, ஆக்சில் மேலே வரக்கூடிய தூரம் 145. ஷாக் 20 டிகிரி சாய்ந்திருந்தால் 0.94ஆல் பெருக்க, ஷாக் சுருங்குவது 136. 490இல் 136 போக 354. உங்கள் ஷாக் முழுக்க மூடிய நிலையில் இதைவிட 10 மி.மீ.யாவது குறைவாக, அதாவது 344க்குள் இருக்க வேண்டும்.

இப்போது கீழ்ப்பக்கம். சேஸியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஷாக்குகளின் கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். ஒருவர் இறக்க, இன்னொருவர் நான்கு இடங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்: பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர், கார்டன் ஷாஃப்ட் (கியர்பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) ஜாயின்ட், காயிலின் மேல் முனை. இவற்றில் எது முதலில் இறுகுகிறதோ அல்லது காயில் கிண்ணத்திலிருந்து தளர்கிறதோ, அங்கே நிறுத்துங்கள். ஷாக் மாட்டும் புள்ளிகளின் இடைவெளியை அளந்து 10 மி.மீ. கழியுங்கள். 580இல் ஹோஸ் இறுகியது என்றால் ஷாக் 570க்கு மேல் நீளக்கூடாது.

இரண்டு எல்லையும் கிடைத்துவிட்டன: மூடினால் 344க்குள், திறந்தால் 570க்குள். மூடிய நீளம் 340, திறந்த நீளம் 550 உள்ள ஷாக் பொருந்தும். நிற்கும் நிலையிலிருந்து 60 மி.மீ. தொங்கலும் கிடைக்கும். மூடிய 380, திறந்த 620 உள்ளது கையில் கிடைத்தால், 354க்கு 26 மி.மீ. முன்பே அது இரும்பில் முட்டும். அதையே போட வேண்டுமானால் பம்ப் ஸ்டாப்பைச் சுமார் 40 மி.மீ. கீழே இறக்க வேண்டும். அப்படிச் செய்தால் மேலே வரும் பயணத்தில் 40 போய்விடும். கீழேயும், ஆக்சில் அதிகம் தொங்காமல் பிடிக்கும் லிமிட் பட்டை கட்டாமல் விட்டால் 620 வரை நீண்டு ஹோஸைப் பிய்க்கும். நல்ல பேரம் அல்ல.

அளவுப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கண் வைத்த முனை என்றால் நீளம் கண்ணின் நடுவிலிருந்து. மேலே மரை தண்டு உள்ள முனை என்றால் புஷ் உட்காரும் முகத்திலிருந்து, தண்டின் நுனியிலிருந்து அல்ல. இதைக் குழப்பினால் 30–40 மி.மீ. தவறிவிடும்.

மேட்டில் ஏறி இறங்கியபின் இரண்டு மூன்று முறை ஆடுகிறது

ஷாக் தளர்ந்துவிட்டது, அல்லது புது ஸ்பிரிங்குக்குப் பழைய ஷாக்கின் இழுப்பு போதவில்லை. அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும்புவதை அடக்குவது ஷாக்கின் விரியும் பக்கம். ஸ்பிரிங் விறைப்பு 30 சதவீதம் கூடினால், அதே அடக்கத்துக்கு ஷாக்கின் பலம் சுமார் 14 சதவீதம் கூட வேண்டும்; 30 அல்ல. இருப்பதிலேயே இறுக்கமான ஷாக் வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இறுக்கம் அதிகமானால் வேறொரு கோளாறு வரும். வரி வரியாகப் பள்ளம் விழுந்த மண்ரோட்டில் போகப் போகப் பின்பக்கம் தாழ்ந்து, கடைசியில் கல் போலாகும். ஒரு பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங்கை அடுத்த பள்ளத்துக்குள் விரிய விடாமல் ஷாக் பிடித்துக்கொள்கிறது. வண்டியை நிறுத்தினால் மெல்ல எழும்பி நிற்கும். ஆள் இறங்கிப் பார்க்கும்போது உயரம் சரியாக இருப்பதால் பலருக்கு இது பிடிபடுவதில்லை. விரியும் பக்கத்துக்குத் திருகு உள்ள ஷாக் என்றால் ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்திப் பாருங்கள்.

முதல் பதினைந்து நிமிடம் நன்றாக இருந்து பிறகு ஆடத் தொடங்கினால் எண்ணெய் சூடேறி நுரைத்துவிட்டது. குழாய்க்குள் குழாய் உள்ள ட்வின் டியூப் ஷாக்கில் இது சீக்கிரம் வரும். நீண்ட மண்ரோட்டுப் பயணம் வழக்கம் என்றால் ஒற்றைக் குழாய் உள்ள மோனோ டியூப், அல்லது தடிமனான உடம்பும் வாயுவுக்குப் பதில் நுரைப் பஞ்சும் உள்ள ஃபோம் செல் வகை. ஓட்டி முடித்த கையோடு ஷாக்கைத் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

மோனோ டியூப்பில் இன்னொரு விஷயம்: உள்ளே இருக்கும் நைட்ரஜன், தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 18 மி.மீ. தண்டு, 14 பார் அழுத்தம் என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 36 கிலோ. மி.மீ.க்கு 3 கிலோ ஸ்பிரிங் உள்ள வண்டி ஷாக் மாற்றியதாலேயே 11–12 மி.மீ. உயரும். ஸ்பிரிங் தவறாக வந்துவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் இதைக் கழித்துப் பாருங்கள்.

ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

இடது வலது வித்தியாசம் 5 மி.மீ. வரை கண்டுகொள்ள வேண்டாம். அதற்கு மேல் என்றால் முதலில் காயிலின் வால் முனை கிண்ணத்தின் படியில் சரியாக முட்டியிருக்கிறதா பாருங்கள். சற்றுத் திரும்பி உட்கார்ந்திருந்தாலே அரை அங்குலம் ஏறிவிடும். மேலே ரப்பர் திண்டு ஒரு பக்கம் விடுபட்டிருக்கலாம். சில ஸ்பிரிங் செட்டில் இரண்டும் ஒரே நீளம் இருக்காது. டிரைவர் பக்கத்துக்கு என்று நீளமானது தனியாக வரும். லேபிளைக் கிழித்துவிட்டு மாட்டினால் மாறிப்போகும். வேறு நாட்டுக்கான செட் என்றால் டிரைவர் பக்கம் இடதாக இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

எல்லாம் சரி, இன்னும் சாய்கிறது என்றால் இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் ஸ்பிரிங். மாறாவிட்டால் புஷ்ஷோ, எடையோ, முன்பக்கமோ.

புஷ்ஷா என்று பார்க்க: லிங்க் ராடு, பன்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி) போல்ட்டுகள் எல்லாவற்றையும் வண்டி தரையில் நிற்கும்போது தளர்த்தி, நாலு முறை பின்பக்கத்தை அமுக்கி விட்டு, அங்கேயே டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். ஆக்சில் தொங்கும்போது இறுக்கிய ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும். உயரத்தையும் மாற்றும், சில மாதத்தில் கிழியவும் செய்யும். லிஃப்ட் வேலையில் அவசரத்தில் விடுபடுவது பெரும்பாலும் இந்த ஒரு படிதான். கார் லிஃப்டில் வண்டி தொங்கும்போதே கடைசி போல்ட்டை இறுக்கி முடிக்க விடாதீர்கள்.

பின் டயர் ஒரு பக்கம் வெளியே தள்ளி நிற்கிறது

பன்ஹார்ட் ராடு உள்ள வண்டியில் இது எதிர்பார்க்க வேண்டியதே. ராடு சாய்ந்து நிற்பதால் வண்டி உயர உயர ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். 900 மி.மீ. ராடு, முனைகளுக்கு இடையே உயர வித்தியாசம் 50 ஆக இருந்தது, 50 மி.மீ. தூக்கியதும் 100 ஆனால், நகர்வு சுமார் 4 மி.மீ. ஒரு பக்கம் 4 வெளியே, மறுபக்கம் 4 உள்ளே. ஆகக் கண்ணுக்கு 8 மி.மீ. இதோடு ஓட்டலாம். 75 மி.மீ. தூக்கினால் நகர்வு 7ஐத் தாண்டும். அப்போது நீளம் மாற்றக்கூடிய ராடு போடுங்கள். ஸ்கார்பியோ-என், எண்டவர் இரண்டிலும் பன்ஹார்ட் ராடுக்குப் பதிலாக, ஆக்சிலை நடுவிலேயே பிடிக்கும் வாட்ஸ் லிங்க் அமைப்பு இருப்பதால் இந்த நகர்வு ஏறக்குறைய இல்லை. அவற்றில் ஆக்சில் ஒரு பக்கம் தள்ளி நின்றால் லிஃப்டைக் குறை சொல்லாமல் வளைந்த லிங்கையோ, போன புஷ்ஷையோ தேடுங்கள்.

ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது அதிர்வு

20–40 கி.மீ. வேகத்தில் இழுக்கும்போது அதிர்ந்து, காலை எடுத்தால் நின்றால் கார்டன் ஷாஃப்ட் கோணம். வண்டி உயர்ந்ததும் லிங்குகள் ஆக்சிலைச் சற்றுச் சுழற்றிவிடும். இரண்டு முனையிலும் ஒற்றை கிராஸ் ஜாயின்ட் உள்ள ஷாஃப்டில், கியர்பெட்டி ஃபிளாஞ்சும் (ஷாஃப்டை மாட்டும் முகம்) பின் ஆக்சிலின் கிரவுன் பக்க ஃபிளாஞ்சும் ஒரு டிகிரிக்குள் இணையாக இருக்க வேண்டும். ஃபோனில் உள்ள மட்டமானியே அளக்கப் போதும். 80க்கு மேல் ஒரே வேகத்தில் அதிர்ந்தால் அது பெரும்பாலும் வீல் பேலன்ஸ், முதலில் இங்கே தேட வேண்டாம்.

ஷாக்கில் எண்ணெய்

சீல் அருகே மெல்லிய ஈரப்பசை, அதில் புழுதி ஒட்டியிருப்பது சாதாரணம். துடைத்துவிட்டு 200 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். உடம்பின் பாதி வரை வழிந்து, சொட்டு நின்றால் மாற்ற வேண்டியதுதான். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். புது ஷாக்கும் ஆறு மாதத்தில் கசிந்தால் வாரன்டிக்குக் கொடுப்பதோடு நிற்காமல் மேலே சொன்ன நீளக் கணக்கைப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஷாக்கும் அப்படியே போகும்.

பிரேக் பிடித்தால் முன்பு போல நிற்கவில்லை

இதைத் தள்ளிப்போடாதீர்கள். சில வண்டிகளில் சேஸிக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு கம்பியோடு வால்வு இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் சுமை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும், உயர்ந்தால் குறைக்கும். லிஃப்ட் செய்த வண்டியில் அது எப்போதும் 'காலி' என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துக்கொண்டிருக்கும். ஆக்சிலில் உள்ள கம்பியின் பிடிமானத்தை லிஃப்ட் அளவுக்கு உயர்த்தி வையுங்கள். கூடவே ஹேண்ட் பிரேக் கேபிள் இழுபட்டு நிற்கிறதா, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறதா பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பயனில்லை.

கடையில் கேட்க வேண்டியது

ஸ்பிரிங் என்றால் விறைப்பு, கம்பி விட்டம், மொத்தச் சுற்று, எந்தச் சுமைக்கு எவ்வளவு லிஃப்ட். "ரெண்டு இன்ச் லிஃப்ட்" என்று மட்டும் சொன்னால், காலி வண்டியிலா, 200 கிலோ ஏற்றியபிறகா என்று கேளுங்கள். ஷாக் என்றால் மூடிய நீளம், திறந்த நீளம், முனை வகை, புஷ் உள்விட்டம், எந்த விறைப்பு ஸ்பிரிங்குக்கு வால்வு அமைத்தது. நீளம் இரண்டும் சொல்ல முடியாத ஷாக்கை, பெயர் எவ்வளவு பெரிதானாலும் வாங்க வேண்டாம்.

மாட்டிய பின் 500 முதல் 1000 கி.மீ.க்குள் புது ஸ்பிரிங் சில மி.மீ. இறங்கி நிலைக்கும். அப்போது வீல் நடு முதல் வளைவு வரை மறுபடி அளந்து, போல்ட்டுகளை டார்க் பார்த்து, கேபிள் டை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உடம்பின் விளிம்புக்கும் டைக்கும் உள்ள தூரம், அன்றுவரை ஷாக் அமுங்கியதிலேயே அதிகமானது. நிற்கும்போது வெளியே தெரியும் தண்டின் முழு நீளத்துக்கும் டை மேலே ஏறிப்போய் ஷாக்கின் மேல் முனையில் ஒட்டியிருந்தால், பம்ப் ஸ்டாப்பை இறக்கும் வேலை மிச்சமிருக்கிறது.